வாக்குச்சாவடியும் அளவுநாடாவும்: எல்லையோரக் கணக்குக் குறிப்புகள்

நெய்யாற்றின்கரை தாலுகா. 60 வாக்குச்சாவடிப் பகுதிகள். 30 முதல் 60 வயதுக்குள் 1007 பேர். பாதிச் சாவடிக்காரர்களுக்கு ஓராண்டு முழுக்கக் கூட்டம், பேச்சு, நடை, யோகா, காய்கறித் தோட்டம். மறுபாதிக்கு ஒரு கையேடு மட்டும். இரண்டு ஆண்டு கழித்து, யார் யாருக்குச் சர்க்கரை நோய் வந்திருக்கிறது என்று பார்த்தார்கள். கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்று பெயர், சுருக்கமாக கே-டி.பி.பி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையமும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகக்காரர்களும் சேர்ந்து செய்த ஆய்வு. கே.ஆர்.தங்கப்பன் முதல் பெயராக, 2018 ஜூனில் பி.எல்.ஓ.எஸ். மெடிசின் இதழில் வந்தது.

உடற்கல்வி, நர்சிங், பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும் சொல்லித்தர, எங்கோ அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த உதாரணங்களைத்தான் புத்தகங்கள் தருகின்றன. பாறசாலையில் பஸ் ஏறினால் கால்மணி நேரத்தில் போய்ச் சேருகிற ஊர்களில் நடந்த ஆய்வு இருக்கும்போது அதெல்லாம் எதற்கு? இதை வைத்தும், இதைச் சுற்றியும் அவ்வப்போது எழுதி வைத்தவை கீழே.

*

வாக்காளர் பட்டியலை ஏன் எடுத்தார்கள்?

எந்த ஆய்விலும் முதல் தலைவலி யாரை எண்ணுவது என்பதுதான். சந்தை வாசலில் நின்று போகிற வருகிறவர்களைப் பிடித்தால், முட்டுவலியால் சந்தைக்கே வராதவள் கணக்கில் வரமாட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் ஊரே நோயாளி. எல்லார் பெயரும் எழுதிய ஒரு தாள் வேண்டும், அதிலிருந்து குலுக்கி எடுக்க வேண்டும். வாக்காளர் பட்டியல் அந்தத் தாள். அரசாங்கமே அச்சடித்து, வயதும் பாலும் போட்டுத் தருகிறது. ஒரு சாவடி என்றால் அக்கம்பக்கத்து வீடுகள். ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்கள். கூட்டம் போடவும் வசதி.

பட்டியலில் ஓட்டை இல்லாமல் இல்லை. பெயர் இங்கே இருக்கும், ஆள் துபாயில் இருப்பான். 30 முதல் 60 வயது ஆண்களில்தான் இந்த ஓட்டை பெரிது. எல்லையோரத்தில் இன்னொன்றும் உண்டு. வீடு இஞ்சிவிளையில், வேலை மார்த்தாண்டத்தில், ஓட்டு மனைவி வீட்டு முகவரியில் என்று வாழ்கிறவர்கள் இரண்டு மாநிலப் பட்டியலிலும் நழுவிப்போகலாம். ஆய்வறிக்கையில் இதை ஒரு வரி எழுத வேண்டும். பிள்ளைகள் எழுதுவதில்லை. எழுதினால் மதிப்பெண் குறையும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

கே-டி.பி.பி.யில் பெண்கள் 47.2 சதவீதம், சராசரி வயது 46. பகல் நேர முகாம் போட்டிருந்தால் பெண்கள்தான் நிறைந்திருப்பார்கள். பாதிக்கு மேல் ஆண்கள் வந்தது, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடிப் போனதன் பலன் என்றே நினைக்கிறேன்.

*

இந்தத் தாலுகாவுக்கு எண்ணப்படுவது புதிதல்ல. 1930களில் ராக்பெல்லர் அறக்கட்டளை உதவியோடு திருவிதாங்கூர் அரசு ஒரு மாதிரி சுகாதாரப் பிரிவு தொடங்கியது, இடம் நெய்யாற்றின்கரை. மைசூர் பக்கம் மாண்டியாவிலும், நம் சென்னைக்கு அருகே பூந்தமல்லியிலும் அதே வகைப் பிரிவுகள் இருந்தன. அன்றைக்குக் கொக்கிப்புழு, கழிப்பறை, பிறப்பு இறப்புப் பதிவு. இன்றைக்கு ஷுகர், பிரஷர்.

*

யாருக்குச் சர்க்கரை வரும் என்று எப்படி முன்கூட்டிப் பிரித்தார்கள்? ஊசி குத்துவதற்கு முன்னால் நான்கு கேள்வி. சென்னையில் வி.மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் அது. வயது 35க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50ம் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 செ.மீ.க்குக் கீழே 0, 80 முதல் 89 வரை 10, 90ம் அதற்கு மேலும் 20. ஆணுக்கு ஒவ்வொரு வரம்பும் பத்து செ.மீ. கூடுதல். தவறாத உடற்பயிற்சியும் கடின வேலையும் சேர்ந்து இருந்தால் 0, இரண்டில் ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லை என்றால் 30. தாய் தகப்பனில் யாருக்கும் இல்லை என்றால் 0, ஒருவருக்கு 10, இருவருக்கும் 20. கூட்டினால் உச்சம் 100. 60ஐத் தொட்டால் இடர் அதிகம். கே-டி.பி.பி.க்குள் நுழைய இந்த 60 வேண்டும். குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையில் சர்க்கரை நோய் ஏற்கெனவே இல்லை என்றும் தெரிய வேண்டும்.

இதைக் காகிதத்தில் போடும்போது எல்லாம் சுலபம். பாலராமபுரத்துத் தறிக்காரர் வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டுக்காரிக்கு 44 வயது: 20. இடுப்பு 84: 10. தாய் தகப்பனுக்குச் சர்க்கரை? "அந்தக் காலத்தில யாரு மக்களே பாத்தா?" என்பார். பார்க்காதது இல்லாததாகிவிடும்: 0. இப்போது மொத்தம் 30. மிச்சம் ஒரே கேள்வி. நாள் முழுக்க உட்கார்ந்து தார் சுற்றுகிறார். விடியலில் இரண்டு குடம் தண்ணீர் எடுக்கிறார், விறகு ஒடிக்கிறார். இது உட்கார்ந்த வேலையா, கடின வேலையா? உட்கார்ந்த வேலை என்று எழுதினால் 30 சேர்ந்து 60, ஆய்வுக்குள் வந்துவிடுவார். கடின வேலை என்று எழுதினால் 20 சேர்ந்து 50, வெளியே. உயிருள்ள ஒரு ஆள் உள்ளே வருவதும் போவதும் கேட்கப்போன பிள்ளையின் பேனா முனையில் இருக்கிறது.

அதனால்தான் களத்துக்குப் போகும் முன் கேட்பவர்களை உட்கார வைத்து, தார் சுற்றுவது எதில் சேரும், ரப்பர் வெட்டுவது எதில் சேரும், ஓலை முடைவது எதில் சேரும் என்று ஒரே முடிவாக எழுதி வைக்க வேண்டும். முடிவு சரியா தவறா என்பது இரண்டாவது. எல்லாரும் ஒரே மாதிரி செய்கிறார்களா என்பது முதலாவது. ஒரே வீட்டுக்கு இரண்டு பேரைத் தனித்தனியாக அனுப்பி, இரண்டு தாளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். சென்னை ஆய்விலேயே இந்த 60 என்ற கோடு, நோய் இருந்தவர்களில் 72.5 சதவீதம் பேரைப் பிடித்தது, இல்லாதவர்களில் 60.1 சதவீதம் பேரைச் சரியாக ஒதுக்கியது. 60ஐ எட்டிய நூறு பேரில் உண்மையில் சர்க்கரை இருந்தது 17 பேருக்கு. வடிகட்டிக்கு இது போதும். பார்த்த உடனே "உங்களுக்கு ஷுகர்" என்று முகாமில் பயமுறுத்த இது போதாது.

*

அளவுநாடா. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில், மூச்சை விட்டபின், நாடா தரைக்கு இணையாக. இது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற இடம். முண்டு கட்டுகிற இடம் வேறு. பேன்ட் போடுகிற இடம் வேறு. சேலை மடிப்புக்கு மேலே நாடா வைத்தால் மூன்று நான்கு செ.மீ. துணிக்கே போய்விடும். ஆண் பிள்ளைகள் பெண்களின் இடுப்பை அளக்கப் போவதே தவறு. பெண் பிள்ளை இல்லாத குழு களத்துக்குப் போகக்கூடாது. தையல் கடை நாடா நாளடைவில் நீளும். மாதம் ஒருமுறை இரும்பு அளவுகோலில் வைத்துப் பார்க்கவும்.

*

"சார், 1007 பேர்ன்னா 1007 பேர்தானே?"

இல்லை. ஒரு சாவடிப் பகுதிக்குச் சராசரி 17 பேர் வருகிறார்கள். அந்தப் பதினேழு பேரும் ஒரே சாயாக்கடையில் பழம்பொரி தின்கிறவர்கள், ஒரே மீன்காரியிடம் மீன் வாங்குகிறவர்கள், ஒரே கோயில் திருவிழாவுக்கோ பள்ளித் திருநாளுக்கோ போகிறவர்கள். ஒருவரைக் கேட்டால் இன்னொருவரைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துவிடுகிறது. அதனால் பதினேழாவது ஆள் தருகிற புதுச்செய்தி முதல் ஆள் தந்த அளவுக்கு இருக்காது.

இதற்குக் கணக்கு உண்டு. குழுவின் ஆள் எண்ணிக்கையில் ஒன்றைக் கழி, குழுவுக்குள் இருக்கும் ஒற்றுமை எண்ணால் பெருக்கு, ஒன்றைக் கூட்டு. ஒற்றுமை எண் 0.02 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 16ஐ 0.02ஆல் பெருக்கி 0.32, ஒன்று கூட்டி 1.32. 1007ஐ இதால் வகுத்தால் 763. அதாவது குழுக்குழுவாக எடுத்த 1007 பேர், தனித்தனியாகக் குலுக்கி எடுத்த 763 பேருக்குச் சமம். 0.02 என்பது பார்க்கப் பொடி எண். தின்றது 244 பேரை.

அப்படியானால் ஏன் குழுவாக எடுக்க வேண்டும்? ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் கூட்டத்துக்குப் போகிறவள், அந்தப் பக்கம் கையேடு மட்டும் வாங்கியவள் என்றால், மாலையில் வேலிக்கு மேலே எல்லாப் பாடமும் கைமாறிவிடும். ஒப்பிட ஆள் மிஞ்சமாட்டார்கள். அதனால் சாவடியையே மொத்தமாக ஒரு பக்கம் தள்ளிவிடுகிறார்கள். செலவு 244 பேர்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து உடற்பயிற்சி ஆய்வு செய்கிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பள்ளி, ஒன்றில் பயிற்சி, இன்னொன்றில் இல்லை, ஆளுக்கு நூறு பிள்ளைகள் என்றால் உங்கள் கையில் இருப்பது இருநூறு அல்ல, ஏறக்குறைய இரண்டு. ஒரு பள்ளியில் பி.டி. சார் நல்லவராக இருந்தாலே முடிவு மாறிவிடும்.

*

ஆக, முடிவு என்ன ஆயிற்று?

கையேடு மட்டும் வாங்கிய பக்கம்: 463 பேரில் 79 பேருக்குச் சர்க்கரை நோய், 17.1 சதவீதம். கூட்டங்களுக்குப் போன பக்கம்: 456 பேரில் 68 பேர், 14.9 சதவீதம். ஒப்பீட்டு இடர் 0.88. நம்பிக்கை இடைவெளி 0.66 முதல் 1.16 வரை. பி மதிப்பு 0.36.

வைவாவில் இதைக் கொடுத்து என்ன சொல்வாய் என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் "எஃபெக்ட் இல்லை சார்" என்பார்கள். 0.05ஐத் தாண்டிவிட்டது, முடிந்தது கதை. ஆனால் இடைவெளியைப் பாருங்கள். இடர் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தாலும் இந்தத் தரவு அதை மறுக்காது. ஆறில் ஒரு பங்கு கூடியிருந்தாலும் மறுக்காது. பயனில்லை என்று நிரூபணம் ஆகவில்லை; பயன் உண்டு என்றும் ஆகவில்லை. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

463உம் 456உம் கூட்டினால் 919. தொடங்கியது 1007. மிச்சம் 88 பேர்? இறந்தவர், ஊர் மாறியவர், ரத்தம் கொடுக்க மறுத்தவர் என்று எந்த ஆய்விலும் உதிர்வார்கள். எந்தக் கட்டுரையைப் படித்தாலும் முதலில் இந்தக் கழித்தலைப் போடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு உதிர்ந்ததா என்று பாருங்கள். இங்கே 507இல் 44, 500இல் 44.

*

இதோடு சென்னைக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏ.ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. 531 பேர். மூன்று ஆண்டில், சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய். உணவும் நடையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம். ஒப்பீட்டளவில் 28.5 சதவீதக் குறைவு. சந்தேகத்துக்கு இடமில்லாத முடிவு.

நெய்யாற்றின்கரையில் ஏன் அப்படி வரவில்லை? மக்கள் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. யாரைச் சேர்த்தார்கள் என்று பார்த்தால் வேறு கதை. சென்னையில் குளுக்கோஸ் குடித்த இரண்டாம் மணி நேரச் சர்க்கரை ஏற்கெனவே உயர்ந்திருந்தவர்களை மட்டும் எடுத்தார்கள். நோயின் வாசற்படியில் நின்றவர்கள். இங்கே மதிப்பெண்ணை வைத்து எடுத்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை இயல்பாக இருந்தவர்களும் அதில் உண்டு. வாசற்படியில் நிற்பவனைத் தடுப்பது இரண்டு ஆண்டில் கண்ணுக்குத் தெரியும். தெருமுனையில் நிற்பவனைத் தடுத்ததை அறிய இன்னும் பல ஆண்டு வேண்டும்.

பயிற்றுநர்கள் யார் என்பதும் வேறு. சென்னையில் தேர்ந்த ஆட்கள் நேரடியாகச் சொன்னார்கள். இங்கே ஊர்க்காரர்களே, தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களே, குறுகிய பயிற்சி பெற்றுக் கூட்டம் நடத்தினார்கள். ஓராண்டில் 15 அமர்வு. மலிவு, எந்த ஊருக்கும் எடுத்துப் போகலாம். முதலாவது ஆய்வு "இது நடக்குமா" என்று கேட்டது. இரண்டாவது "நம் ஊரில், நம் ஆளை வைத்து, நம் காசில் நடக்குமா" என்று கேட்டது. இரண்டாவது கேள்விக்குப் பதில் எப்போதும் கொஞ்சம் மங்கலாகத்தான் வரும். எனக்கு இரண்டாவதின் மேல்தான் மரியாதை அதிகம்.

*

பத்திரிகைக்காரர்களுக்கு: 28.5 சதவீதம் குறைந்தது என்றால் நூறு பேரில் 28 பேர் தப்பினார்கள் என்று பொருளல்ல. 55இலிருந்து 39.3 ஆனது, நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேர் தப்பினார்கள். அதாவது ஆறு ஏழு பேரை மூன்று ஆண்டு திருத்தினால் ஒருவர் நோயிலிருந்து தப்புவார். தலைப்பில் எந்த எண்ணைப் போட்டாலும் உள்ளே இன்னொன்றையும் போடுங்கள்.

*

கே-டி.பி.பி.யில் வேறு சிலவும் மாறின. மது குடிப்பது குறைந்தது (ஒப்பீட்டு இடர் 0.77). நாளுக்கு ஐந்து பங்கு பழமும் காய்கறியும் தின்கிறவர்கள் கூடினார்கள் (1.83). இடர் மதிப்பெண் ஒன்றரை குறைந்தது. இவற்றின் பி மதிப்பெல்லாம் 0.05க்குக் கீழே.

சந்தோஷம்தான். ஆனால் குடித்தாயா என்று கேட்டால் வாயால் சொல்கிற பதில் அது. பதினைந்து அமர்வு உட்கார்ந்தவனுக்கு எந்தப் பதில் சொன்னால் கேட்க வந்த சேச்சியின் முகம் மலரும் என்று தெரியும். கையேடு மட்டும் வாங்கியவனுக்கு அந்தக் கூச்சம் குறைவு. ரத்தச் சர்க்கரைக்குக் கூச்சம் கிடையாது. அதனால்தான் முதன்மை முடிவாக ரத்தத்தை வைக்கிறார்கள்.

பல முடிவுகளை அளந்தால் ஒன்றிரண்டு தற்செயலாகவே 0.05க்குக் கீழே விழும். இருபது அளந்தால் ஒன்று விழ வாய்ப்பு. இந்த ஆய்வை ஆஸ்திரேலிய நியூசிலாந்துப் பதிவேட்டில் 2011இலேயே பதிந்தார்கள். திட்டத்தை 2013இல் வெளியிட்டார்கள். முதன்மை முடிவு சர்க்கரை நோய் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் பின்னால் மதுவைத் தலைப்பாக்கி "அபார வெற்றி" என்று எழுத வழியில்லை. எழுதவும் இல்லை.

*

எல்லை. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் (INDIAB) என்ற நீரிழிவு ஆய்வின் கணக்கின்படி கேரளத்தில் சர்க்கரை நோய் 25.5 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்கு நடந்து போனால் ஒருவனுடைய இடர் பதினொரு புள்ளி இறங்கிவிடுமா?

1956 நவம்பர் 1இல் மாநிலங்களைப் பிரித்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரையையும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது, கிடைக்கவில்லை. கோட்டுக்கு இரு புறமும் அதே மரச்சீனி, அதே மீன் குழம்பு, அதே ரப்பர், மாமன் மச்சான் உறவு. மாநில சராசரி என்பது காசர்கோட்டையும் பாறசாலையையும் சேர்த்து வகுத்தது. அந்தப் பக்கம் தருமபுரியையும் களியக்காவிளையையும் சேர்த்து வகுத்தது. மாநிலத்துக்குப் பொருந்துவதை ஆளுக்குப் பொருத்தக்கூடாது. போதாததற்கு அந்த ஆய்வின் களப்பணி 2008இல் தொடங்கி 2020 வரை நீண்டது. தமிழ்நாடு முதல் சுற்றில், கேரளம் பிந்தைய சுற்றில். ஒப்பிடுவது இரண்டு மாநிலத்தை மட்டுமல்ல, இரண்டு காலத்தையும்.

முதுகலை மாணவர் யாராவது எல்லைக்கு இரு புறமும் ஐந்து ஐந்து கி.மீ.க்குள் ஒரே கேள்வித்தாள், ஒரே கருவி, ஒரே மாதம் வைத்து அளந்தால் நல்ல ஆய்வு ஆகும். தலைப்பு இலவசம், எடுத்துக்கொள்ளலாம்.

*

பொழியூர். தாலுகாவின் தென்மேற்கு மூலையில், அந்தப் பக்கம் நீரோடி தொடங்குகிற இடத்தில் கடற்கரை மீனவ ஊர். சந்தோஷ் டிராபி கால்பந்து ஆட்டக்காரர்களை வரிசையாகத் தந்த ஊர் என்று பெயர். உடற்கல்விப் பிள்ளைகளுக்கு இந்தத் தலைப்பின் மேல் ஒரு கண். "மணலில் ஓடுவதால் தம் கூடுகிறது சார்." சாதனை ஆட்டக்காரர் இருபது பேரைப் பேட்டி கண்டு, இருபது பேரும் சிறுவயதில் மணலில் ஆடினார்கள் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

மணலில் ஓடுவது கடினம் என்பது அளக்கப்பட்ட உண்மை. லெஜூன் என்பவரும் கூட்டாளிகளும் 1998இல் எழுதினார்கள்: அதே வேகத்தில் மணலில் ஓட, கெட்டித் தரையைவிட 1.6 மடங்கு ஆற்றல் வேண்டும்; நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு. ஆனால் அதிலிருந்து பொழியூருக்குத் தாவ முடியாது. அதே மணலில் ஆடி, எங்கும் போகாமல் கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களை யாரும் பேட்டி காண்பதில்லை. பூவாறிலும் மணல் உண்டு, தூத்தூரிலும் மணல் உண்டு. அந்த ஊர்களின் கணக்கு எங்கே? வென்றவர்களை மட்டும் கூப்பிட்டு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், எல்லாரும் மீன் என்பார்கள். தோற்றவர்களும் மீன்தான் சாப்பிட்டார்கள்.

சரியான வழி சலிப்பானது. கரையோர ஊர்களில் பன்னிரண்டு வயதுப் பையன்களைப் பட்டியல் போட்டு, யார் எங்கே, எத்தனை மணி நேரம், எந்தத் தரையில் ஆடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, பத்து ஆண்டு காத்திருப்பது. ஆறு மாதத்தில் ப்ராஜெக்ட் முடிக்க வேண்டிய பிள்ளையிடம் இதைச் சொல்ல முடியாது. ஆனால் ஆறு மாதத்தில் செய்யக்கூடிய சிறிய கேள்வி உண்டு: ஒரே அணியை இரண்டாகக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேர் மணலிலும் பாதிப் பேர் புல்லிலும் எட்டு வாரம் பயிற்சி, முன்னும் பின்னும் பன்னிரண்டு நிமிட கூப்பர் ஓட்டம். ஓட்டத்தை இரண்டு தடவையும் ஒரே நேரத்தில் வையுங்கள். காலை ஏழு மணி ஓட்டத்தை ஏப்ரல் மாத மூன்று மணி ஓட்டத்தோடு ஒப்பிட்டால் அளந்தது வெயிலை.

*

ரத்த அழுத்தத் தாள்களைப் புரட்டும்போது முதலில் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். பாதரசக் கருவியில் கோடு இரண்டிரண்டாகத்தான் இருக்கும். 125 என்று எழுதியிருந்தால் கோட்டில் இல்லாததை எழுதியிருக்கிறார்கள். 120, 130, 140 என்று சுழியத்திலேயே முடிந்தால் காது கேட்கும் முன்னே கை எழுதிவிட்டது. ஐந்து வாய்ப்பில் ஒன்றுதான் சுழியம். நூறு அளவில் ஏறத்தாழ இருபது. அறுபது வந்தால் அந்தத் தரவைக் கணினியில் ஏற்றும் முன் அளந்தவரோடு ஒரு சாயா குடித்துப் பேசவும்.

*

முகாமில் பிரஷர் 160 வந்தவர்களை மட்டும் பொறுக்கி, ஒரு மாதம் பிராணாயாமம் செய்யவைத்து, திரும்ப அளந்தால் குறைந்திருக்கும். பிராணாயாமம் செய்யாவிட்டாலும் ஓரளவு குறைந்திருக்கும். அன்று படியேறி வந்த மூச்சு, வரிசையில் நின்ற எரிச்சல், வெள்ளைக் கோட்டு பயம் எல்லாம் சேர்ந்த உச்சத்தில் பிடித்தோம். அடுத்த முறை அது தன் சராசரிக்குத் திரும்பும். கால்டன் 1886இல் பெற்றோர் பிள்ளைகள் உயரத்தில் கண்டது இதுதான். மோசமாக ஆடிய அன்று பையனைத் திட்டினேன், அடுத்த நாள் நன்றாக ஆடினான் என்று சொல்கிற கோச்சுகளும் இதைப் படிக்கலாம். மருந்து ஒன்றே: ஒப்பீட்டுக் குழு.

*

கருவி ஒப்பீடு செய்கிறவர்களுக்கு. விரல் நுனி குளுக்கோமீட்டர் எப்போதும் ஆய்வகத்தைவிட 20 புள்ளி கூடுதலாகக் காட்டினாலும் ஒட்டுறவுக் கெழு 1 என்றே வரும். ஒட்டுறவு வேறு, ஒத்துப்போவது வேறு. பிளாண்ட், ஆல்ட்மன் இருவரும் 1986இல் லான்செட்டில் இதற்கு எளிய வரைபடம் காட்டினார்கள். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் சராசரிக்கு எதிரே போடு. அவ்வளவே.

*

விளையாட்டு அறிவியலில் ஒரு பெரிய சண்டையும் நடந்தது. ஆட்டக்காரர்கள் எப்போதும் குறைவு. பதினொரு பேரை வைத்து 0.05க்குக் கீழே கொண்டுவருவது கஷ்டம். ஆலன் பேட்டர்ஹாமும், நியூசிலாந்தில் பணியாற்றிய வில் ஹாப்கின்ஸும் 2006 வாக்கில் ஒரு புது வழி சொன்னார்கள்: பி மதிப்பை விடு, பயன் எந்த அளவு, தீங்குக்கு எத்தனை வாய்ப்பு என்று பார். கேட்க நியாயமாக இருந்தது; உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2015இல் வெல்ஷும் நைட்டும் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்றார்கள். 2018இல் கிறிஸ்டின் சாய்னானி, இந்த முறை சிறிய மாதிரிகளில் தவறான நேர்முடிவுகளைக் கூட்டிவிடுகிறது என்று காட்டினார்.

எனக்குத் தோன்றுவது: அளவைப் பார் என்று ஹாப்கின்ஸ் சொன்னது சரி. குறைந்த ஆளை வைத்து நிறையச் சொல்லலாம் என்ற ஆசை தவறு. இடைவெளியை வெளியிட்டுவிட்டு அகலமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே போதும்.

*

"சார், சிக்னிஃபிகன்ட் வரலைன்னா கைடு ஒத்துக்குவாரா?"

வருஷா வருஷம் கேட்கிற கேள்வி. பதில் எப்போதும் இதுதான்: 919 பேரின் ரத்தம், இரண்டு ஆண்டுப் பின்தொடர்தல், அத்தனைக்கும் பிறகு பி மதிப்பு 0.36. உலகத் தரமான இதழ் அதை அப்படியே அச்சிட்டது. உன் ப்ராஜெக்ட்டுக்கு என்ன குறை?

அந்தக் கட்டுரையை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் படிக்கலாம். நெய்யாற்றின்கரை, பாறசாலை, விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் எஸ்.பி.எஸ்.எஸ்.ஸைத் திறக்கும் முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள். முதல் அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஊர்க்காரர்கள்தான் அதில் இருக்கிறார்கள்.